குருநாகலைத் தாண்டிய முன்சில்லு

சைக்கிளின் பின்சில்லு முதலில். வால்வின் நட்டை அரைச் சுற்றுத் திருகிவிட்டு, காதைச் சாய்த்து, காற்றுச் சீறுவதைக் கேட்டபடி குந்தியிருப்பாள் உதயகலா. சீறல் இளகியதும் நட்டை இறுக்கி, ரயரைக் கட்டைவிரலால் அழுத்துவாள். நகம் முழுவதும் பதியவேண்டும். பதிந்தால் மணலுக்குச் சரி. பிறகு முன்சில்லுக்கும் அதே சடங்கு. தார் றோட்டு முடிந்து மணல் ஒழுங்கை தொடங்குகிற இடத்தில், ஒரு வேலியோரம் இது நடக்கும். அந்த வழியால் போகிறவர்கள், "காத்துப் போயிட்டுதோ பிள்ளை?" என்று கேட்பார்கள். "போகேல்லை, நான்தான் விடுறன்" என்பாள். கேட்டவர்கள் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு நடப்பார்கள்.

வயது நாற்பத்தாறு. நெல்லியடிச் சந்தைக்குப் பின்னால் வீடு. பெண் பிள்ளைகள் இருவர். ஒருத்தி கலியாணம் முடித்து வவுனியாவில், மற்றவள் படிப்பென்று கண்டியில். சைக்கிள் ஓடுவதற்கென்று ஒரு பழைய பஞ்சாபி உடுப்பு வைத்திருக்கிறாள். காற்சட்டையின் ஓரம் செயினில் சிக்காமல் இருக்க, உடுப்புக் காயப்போடுகிற கிளிப் இரண்டு. தலையில் கணவன் கழித்துவிட்ட தொப்பி. முன்கூடையில் ஒரு போத்தல் தண்ணீரும், பழைய பால்மா ரின்னுக்குள் சொலூசனும் ரியூப் துண்டுகளும். கரியரில் ஒரு பம் கட்டியிருக்கும். திரும்பி வரும்போது தார் றோட்டில் ஏற முன் விட்ட காற்றை மறுபடி அடிக்க வேண்டும் அல்லவா. இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. மணலில் இரண்டு தரம் விழுந்து, முழங்கால் உரிந்து, மூன்றாம் தரம் தானாகக் கண்டுபிடித்தாள்.

வைகாசியில் தென்மேற்கால் வீசும் சோளகக் காற்றுப் பலத்துவிட்டால் வடமராட்சியின் கிழக்குப் பக்கம் வேறு ஊராகிவிடும். மாரியில் முழங்கால் தண்ணீர் நின்ற நீரேரி வற்றி, உப்புப் பூத்து, வெடித்து, இறுகிக் கிடக்கும். குடத்தனை மணல், வல்லிபுரத்துக்குப் பின்பக்கத்து ஒற்றையடிப் பாதை, முள்ளி வெளியின் காய்ந்த தரை என்று விடிய ஆறு மணிக்கு வெளிக்கிட்டாளென்றால் ஒன்பதுக்குத்தான் வீடு. ஐப்பசி மழை விழுந்ததும் எல்லாவற்றையும் தண்ணீர் மூடிவிடும். வருடத்தில் அந்த ஐந்து மாதம்தான், அதிலும் கிழமைக்கு மூன்று நாள்தான் அவளுக்கு வாய்க்கும்.

அங்கே யாரைப் பார்க்கப் போகிறாள்? ஒருவரையும் இல்லை. என்ன கொண்டுவருகிறாள்? ஒரு சோகி, சிப்பிகூட இல்லை. ஓடுவதற்காக ஓடுகிறாள். இதுதான் ஊருக்குப் பொறுக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் பெண் சைக்கிள் ஓடுவதை யாரும் பிழை சொல்லமாட்டார்கள். சந்தைக்கு ஓடலாம், ரியூசனுக்கு ஓடலாம், கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, செத்தவீட்டுக்கு ஓடலாம். உதயகலா பிறந்தது கோப்பாயில். தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி, சனமெல்லாம் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அவளுக்கு வயது பதினேழு. கொட்டுகிற மழைக்குள் தாயைக் கரியரில் இருத்தி, ஹான்டிலின் ஒரு பக்கம் உடுப்புப் பையும் மறுபக்கம் அரிசிப் பையும் கொழுவிக்கொண்டு சாவகச்சேரி மட்டும் உழக்கியவள். அன்றைக்குப் பார்த்தவர்கள் எல்லாரும் கெட்டிக்காரி என்றார்கள். இன்றைக்குத் தாயும் இல்லாமல் அரிசியும் இல்லாமல் அதே கால்களால் உழக்கினால் விசரி என்கிறார்கள். பாரம் இருந்தால் கெட்டிக்காரி, இல்லாவிட்டால் விசரி. எந்த ஊர் நியாயமோ இது.

"ஒரு பூக்கூடையைக் கொழுவிக்கொண்டு கோயிலுக்குப் போறன் எண்டு சொன்னால் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம்," என்பாள் உதயகலா. "நான் ஏன் பொய் சொல்லோணும்? அதுவும் கடவுளையும் இழுத்துவைச்சுக்கொண்டு."

பொய் சொல்லாததுதான் வினையாகிவிட்டது. நெல்லியடியில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் கனகரத்தினம் என்றொருவர் இருக்கிறார். காலையில் கடைவாசலில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாரென்றால் கடை பூட்டும்வரை அதிலிருந்து எழும்பமாட்டார். இருந்த இடத்திலிருந்தே ஊரில் யார் எங்கே போகிறார்கள் என்று எல்லாம் அறிவார். புரட்டாதியில் ஒரு நாள் அவருடைய கண்ணில், அல்லது அவருக்குச் செய்தி சொல்லுகிற வேறு யாருடையவோ கண்ணில், வல்லிபுரத்து மணலுக்குள் தனியே சைக்கிள் ஓடிய உதயகலா பட்டுவிட்டாள். அவளுடைய கணவன் அப்போது கொழும்பிலிருந்து திரும்பும் வழியில் தம்புள்ளையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். அந்தத் தேத்தண்ணி ஆற முன் கனகரத்தினத்தின் போன் போய்விட்டது. "உங்கடை ஆளைத் தனியக் கண்டவையாம் தம்பி. விசயம் ஏதும் இருக்கோ தெரியாது. சும்மா சொல்லி வைப்பமெண்டு எடுத்தனான்."

சும்மா சொல்லி வைப்பாராம். அவர் சும்மா சொல்லலாம், அவள் சும்மா ஓடக்கூடாது.

கணவன் பெயர் வாகீசன். வயது ஐம்பத்திரண்டு, முப்பது வருடமாக லொறி. வடகடற்கரையில் பிற்பகல் மீன் ஏற்றி, ஐஸ் போட்டு, விடிய முன் கொழும்பில் இறக்கி, அடுத்த நாள் வெறும் லொறியோடு திரும்புவான். கிழமைக்கு மூன்று தரம். கெட்ட மனுசன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை. திரும்பும்போது தம்புள்ளையில் பூசணிக்காயோ கரட்டோ வாங்கிவர மறக்கமாட்டான். "சாப்பிட்டனியோ" என்று வழியில் நாலு தரம் போன் எடுப்பான். எந்த இடத்தில் லொறியை நிறுத்தினாலும் ஓர் இரும்புக் கம்பியோடு இறங்கி, ஆறு ரயரையும் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. ரயர் கல்லாக இருக்கவேண்டும் என்பது அவனுடைய வேதம். ஒரு நாள் உதயகலா மணலால் வந்து நிறுத்திய சைக்கிளின் ரயரையும் அப்படித்தான் முட்டியால் தட்டிப் பார்த்தான்.

"இதென்ன செத்த சில்லு. காத்தைக் குறைச்சுப்போட்டு ஓடினால் ரயர் வெட்டுப்படும்."

"அது தார் றோட்டுக்கு. மணலுக்கு வேறை."

"முப்பது வரியமா ரயரோடை சீவிக்கிறவனுக்கு நீ படிப்பிக்கிறாய்."

லொறிக்காரருக்கென்று ஒரு பாஷை உண்டு. அதைச் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்து விளக்குவதில் வாகீசனுக்கு ஒரு பெருமை. முன்னால் பொலிஸ் நிற்கிறதென்றால் இரவில் எதிரே வருகிற லொறிக்கு லைற் அடிப்பார்கள். பகலில் அதற்குக் கை. கையை வெளியே நீட்டி, உள்ளங்கையைக் கீழ்ப்பக்கமாகப் பிடித்து, பிள்ளையை நித்திரையாக்குவதுபோல் இரண்டு தரம் மெல்லத் தட்டவேண்டும். அதைக் கண்டவர் நன்றிக்கு ஸ்ரெயரிங்கில் இருந்து இரண்டு விரலைத் தூக்குவார். தமிழர், சிங்களவர், முஸ்லிம் என்ற வேறுபாடு இதில் கிடையாது. "கார்க்காரருக்கு நாங்கள் காட்டமாட்டம். அவைக்கு விளங்கவும் மாட்டுது. உது எங்கடை ஆக்களுக்கு மட்டும்," என்பான். சோறு போட்டபடி உதயகலா கேட்டுக்கொண்டிருப்பாள்.

அந்தக் கை இந்த வருடம் அவனுக்கு இரண்டு தரம் கிடைக்கவில்லை. வேகத்துக்காக இரண்டு தரம் பிடிபட்டுக் கோட்டுப்படி ஏறிவிட்டான். மெல்லப் போனால் ஐஸ் உருகிவிடும், முதலாளி ஏசுவார். விரைந்தால் பொலிஸ் மறிக்கும். மூன்றாம் முறையும் போனால் நீதவான் லைசென்சை ஆறு மாதத்துக்கு வாங்கி வைத்துவிடக்கூடும் என்று சட்டத்தரணி சொல்லி அனுப்பியிருந்தார். வாகீசனுக்கு வேறு தொழில் தெரியாது.

கனகரத்தினத்தின் போன் வந்த மறுநாள் காலை வீட்டுக்கு வந்தவன், வைத்த தேத்தண்ணியைத் தொடவில்லை.

"நேத்து எங்கை போனனி?"

"வல்லிபுரத்துக்குப் பின்னாலை."

"கோயிலுக்கோ?"

"இல்லை, மணலுக்கை."

"மணலுக்கை ஆரிட்டை?"

"ஒருத்தரிட்டையும் இல்லை."

"பேந்தென்னத்துக்குப் போனனி?"

"ஓடுறதுக்கு."

வாகீசனுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. பிறகு தனக்குத் தெரிந்த வழியால் விளங்கப்படுத்தப் பார்த்தான். "இஞ்சேர், லோட் இல்லாமல் ஓடுறது விசர் வேலை. வெறும் லொறியை மணலுக்கை சுத்திக்கொண்டு திரிஞ்சால் முதலாளி என்ன சொல்லுவார்?"

"எனக்கு முதலாளி ஆர்?"

வாகீசன் சத்தம் போடவில்லை. லொறியின் சாமான் பெட்டிக்குள்ளிருந்து ஸ்பானரை எடுத்துவந்து, சைக்கிளின் முன்சில்லைக் கழற்றி, அதைக் கொண்டுபோய் லொறியில் தன் சீற்றுக்குப் பின்னால் செருகிக் கயிற்றால் கட்டினான். பிற்பகல் அதோடு கொழும்புக்குப் போய்விட்டான். சில்லில்லாத முன்கவையை நிலத்தில் ஊன்றிக்கொண்டு சைக்கிள் கொட்டிலில் கவிழ்ந்து கிடந்தது.

இரவு பன்னிரண்டு மணிக்கு உதயகலா போன் எடுத்தாள். "சில்லு எங்கை?"

"குருநாகலைத் தாண்டிட்டுது."

"பகிடி விடுறியளோ?"

"சில்லுக்கு ஒரு குறையும் இல்லை. தம்புள்ளையிலை நல்ல காத்து அடிச்சு வைச்சிருக்கிறன். கல்லு மாதிரிக் கிடக்கு. நீ வைச்சிருந்த செத்த காத்து இல்லை."

அவள் போனை வைத்துவிட்டாள். அன்றைக்கு அவள் அழவில்லை. ஒன்பது வருடமாக அவள் கொழும்பைக் கண்டதில்லை. "என்ரை சில்லு கொழும்பு பாக்குது, நான் கேற்றைப் பாத்துக்கொண்டு குந்தியிருக்கிறன்," என்று மறுநாள் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்கும்படியே சொன்னாள். இருபத்தைந்து வருடமாக அவள் கேற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். லொறி வருகிற நேரம், லொறி போகிற நேரம் என்று அவளுடைய சோறும் நித்திரையும் ஓடின. நானூறு கிலோமீற்றர் போய் நானூறு கிலோமீற்றர் வருகிறவனிடம் எங்கே போனாய் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. எட்டு மைல் போய் வந்தவளுடைய சில்லைக் கழற்றிவிட்டார்கள்.

அந்தச் சில்லு இரண்டு கிழமையில் ஆறு தரம் கொழும்புக்குப் போய் வந்தது. வீட்டு வாசலில் லொறி நிற்கும்போதும் அவன் அதை இறக்கவில்லை. புளியங்குளத்துத் தேத்தண்ணிக் கடையில் சிமியோன் என்ற கூட்டாளி, "என்ன அண்ணை, ஸ்பெயார் சில்லு எப்பன் மெலிஞ்சுபோச்சு" என்று கேட்க, இருந்த லொறிக்காரர் எல்லாரும் சிரித்தார்களாம். வாகீசன் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பி வந்துவிட்டான். இதைச் சிமியோனின் மனைவி உதயகலாவுக்குச் சொன்னாள். "வெக்கமெண்டு தெரியுது. பேந்தும் இறக்கேல்லை," என்றாள் உதயகலா. அவளுக்கு இன்னும் கூடக் கோபம் வந்தது.

ஆனால் வாகீசன் ஒரு பெரிய பிழை விட்டிருந்தான். வேறெங்காவது ஒரு சில்லைக் கழற்றினால் சைக்கிள் நின்றுவிடும். சண்டைக்காலத் தடையால் ரியூப் வராதபோது ரயருக்குள் வைக்கோலை அடைத்து ஓடிய சனம் இது. இங்கே எந்த வீட்டுக் கொட்டிலைத் திறந்தாலும் கூரை வளையில் ஒரு சில்லுத் தொங்கும். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுச் சண்முகநாதன் மாஸ்டர் மதிலுக்கு மேலால் ஒரு சில்லை நீட்டினார்.

"பிள்ளை, இது என்ரை பழைய சைக்கிளின்ரை. ரண்டு அங்குலம் பெரிசு. மட்கார்டைக் கழட்டினால் கொழுவும். முன் பிறேக் பிடியாது, பாத்து ஓடு."

"மாஸ்டர், அவர் அறிஞ்சால் உங்களோடை பிரச்சினை."

"என்னட்டைக் கேட்டால் என்ரை சில்லு காத்து வாங்கப் போயிட்டுது எண்டு சொல்லுவன்," என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு, லொறி வெளிக்கிட்டதும் மதிலால் சில்லு வரும். லொறி திரும்ப முன் மதிலால் சில்லு போகும். மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிற சைக்கிளில் உதயகலா மணலுக்கு ஓடினாள். ஓடினாளே தவிர, முன்னைய சுகம் இல்லை. "சொந்த வீட்டிலை கள்ளி மாதிரிச் சில்லு மாத்த வேண்டிக் கிடக்கு," என்று ஒவ்வொரு முறையும் மாஸ்டரிடம் பொரிந்துதள்ளுவாள். பூக்கூடைப் பொய் வேண்டாம் என்றவளை இந்தப் பொய்யில் கொண்டுவந்து மாட்டிவிட்டார்களே என்பதுதான் அவளுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

புரட்டாதி முடிய நாலு நாள். தெற்கே மேகம் கறுத்துத் திரண்டிருந்தது. மழை இன்றைக்கோ நாளைக்கோ. அன்று காலை வாகீசன் வீட்டில் நித்திரை. பிற்பகல் இரண்டு மணிக்கு மீன் ஏற்றப் போனான். மீன் வந்து ஐஸ் போட்டு வெளிக்கிட வழமையாக ஐந்து மணியாகும். அதற்குள் வந்துவிடலாம் என்று உதயகலா சில்லைக் கொழுவிக்கொண்டு புறப்பட்டாள். இந்த வருடத்துக்கு இதுவே கடைசி ஓட்டம் என்று அவளுக்குத் தெரியும்.

முள்ளி வெளியைக் கடந்து கொடிகாமம் றோட்டில் ஏறியபோது நாலு மணி. ஏறிய இடத்தில் பனை வடலிக் கூட்டத்தின் மறைவில் பொலிஸ்காரர் இருவர், வேகம் பார்க்கிற கருவியோடு நின்றார்கள். உருவம் பொருந்தாத அவளுடைய முன்சில்லை ஒரு தரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் வீட்டுப் பக்கம் திரும்பி, வளைவைக் கடந்து, கொஞ்சத் தூரம் உருட்டிப்போய், றோட்டோரமாக நின்று பம்மை எடுத்தாள். பின்சில்லுக்குக் காற்று அடித்துக்கொண்டிருக்கையில் தூரத்தில் ஹோர்ன் கேட்டது. நிமிர்ந்து பார்க்கத் தேவையில்லை, வாகீசனின் லொறிதான். மீன் அன்றைக்கு முந்திவிட்டது.

நேர் றோட்டு. லொறி பறந்து வந்தது. இந்த வேகத்தில் வளைவால் திரும்பினால் நேரே கருவியின் முன்னால்தான் போய் நிற்கும். உதயகலாவுக்குப் பக்கத்தில் ஆள் மறைகிற அளவுக்கு ஈச்சம் பற்றை இருந்தது. சைக்கிளைச் சரித்துக்கொண்டு இறங்கினால் அவன் காணமாட்டான். கண்டால் மாஸ்டரின் சில்லும் போகும், நாளைக்குப் பின்சில்லும் கொழும்பு பார்க்கும். பிடிபடட்டும் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். ஆறு மாதம் வீட்டில் இருக்கட்டும். இருந்து கேற்றைப் பார்க்கட்டும். பற்றைப் பக்கம் ஓர் அடி வைத்தும் விட்டாள்.

அதற்கு மேல் கால் போகவில்லை. ஓடுகிற ஓர் ஆளைப் பிடித்து வீட்டில் இருத்துவது எப்படியிருக்கும் என்பது இரண்டு கிழமையாக அவளுக்குத் தெரியும். அதை அவள் தன்னுடைய எதிரிக்கும், ஏன் கனகரத்தினத்துக்கும்கூட நினைக்கமாட்டாள். "கோதாரி பிடிச்ச மனுசன்," என்று பல்லைக் கடித்தபடி பம்மைக் கீழே போட்டுவிட்டு றோட்டுக் கரைக்கு வந்தாள். வலது கையை நீட்டினாள். உள்ளங்கையைக் கீழ்ப்பக்கமாகப் பிடித்து, இரண்டு தரம் மெல்லத் தட்டினாள்.

லொறியின் முகம் தாழ்ந்து வேகம் விழுந்தது. ஸ்ரெயரிங்கில் இருந்து இரண்டு விரல்கள் எழும்பின. விரல்கள் எழும்பிய பிறகுதான் வாகீசனுக்கு அது யார் என்று தெரிந்தது. அவனுடைய கண் அவளுடைய முகத்துக்கும், மட்கார்ட் இல்லாத பெரிய சில்லுக்கும், மறுபடி முகத்துக்கும் போயிற்று. தூக்கிய விரல்களை இறக்க மறந்தபடியே அவளைக் கடந்து போனான்.

வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், பொலிஸ்காரருக்குத் தெரியாத இடத்தில் லொறி நின்றது. வாகீசன் இறங்கினான். திரும்பிப் பார்க்கவில்லை. முன்பக்கத்தால் சுற்றிப்போய் மற்றக் கதவைத் திறந்து, கயிற்றை அவிழ்த்து, முன்சில்லை இழுத்தெடுத்தான். அதைக் கொண்டுவந்து கிலோமீற்றர் கல்லில் சாத்தினான். பிறகு அவளுக்கு முதுகு காட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் குந்தியிருந்து என்னவோ செய்தான். மீன் தண்ணீர் லொறியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஐஸ் உருகுகிற நேரத்தில் ஒரு நிமிடம் நிற்பதும் அவனுக்கு வழக்கமில்லை. எழும்பிக் கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தான், ஏறினான். லொறி மெல்ல ஊர்ந்து வளைவால் மறைந்தது.

உதயகலா சைக்கிளை ஒரு வேலிக் கட்டையில் சாத்திவிட்டு நடந்து வந்தாள். வரும் வழியெல்லாம் தனக்குள் பேசிக்கொண்டு வந்தாள். "ஒரு வார்த்தை கதைக்காமல் றோட்டிலை வைச்சிட்டுப் போறதைப் பார். இந்த மனுசன்ரை வாய்க்கு என்ன வந்தது."

சில்லில் மீன் நாற்றம் அடித்தது. கம்பிகளில் ஒன்றுகூட வளையவில்லை. கல்லு மாதிரிக் கிடக்கிறது என்று இரண்டு கிழமையாக அவன் போனில் பெருமையடித்த ரயர். வால்வின் நட்டைச் சுற்றியிருந்த தூசியில் ஈர விரல் அடையாளம் இருந்தது.

அவள் குந்தியிருந்து ரயரைக் கட்டைவிரலால் அழுத்தினாள். நகம் முழுவதும் பதிந்தது.